ஷார்ட் ஷிஃப்டர் வாங்கும் முன்: கம்பெனி லீவரா, வெளியில் விற்கும் கிட்டா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையாக வாங்கியவர்கள், டயருக்கும் சைலன்சருக்கும் அடுத்தபடியாகக் கை வைப்பது கியர் லீவரில்தான். மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ இ36 எம்3 என எந்தக் காராக இருந்தாலும் கேட்பது ஒரே கேள்வி: "லீவர் ரொம்ப தூரம் போகுது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகுமா? போடுவதென்றால் கம்பெனி பாகமா, வெளிக் கம்பெனி கிட்டா?"

ஷார்ட் ஷிஃப்டர் என்பது கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லீவர். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டும் காருக்குக் கம்பெனி லீவர் போதும். அதற்கும் முன்னால், தேய்ந்துபோன புஷ்களையும் (மூட்டுகளில் இருக்கும் சிறு பிளாஸ்டிக், ரப்பர் வளையங்கள்) மவுண்ட்களையும் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் தாங்கிகள்) மாற்றியாக வேண்டும். வெளி கிட்டுக்கு இடம் உண்டு. ஆனால் தனக்கு என்ன குறைகிறது என்று தெளிவாகத் தெரிந்தவர்தான் அதை வாங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் பணமும் போகும், கியர் மாற்றும் சுகமும் வராது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: லீவரின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கியர் லீவர் என்பது நடுவில் ஒரு குண்டில், அதாவது உருண்டை மூட்டில், நின்று ஆடும் கம்பி. மேல் முனை உங்கள் கையில், கீழ் முனை கியர் பாக்ஸுக்குப் போகும் தண்டில். கியர் பாக்ஸுக்குள் நகர வேண்டிய தூரம் மாறாது. ஒரு கியர் விழ அந்தத் தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டுமோ அத்தனை நகர்ந்தே ஆக வேண்டும். மாறுவது உங்கள் கை போகும் தூரம் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டிலிருந்து கைப்பிடி வரை 200 மி.மீ., குண்டிலிருந்து கீழ் முனை வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் நாலுக்கு ஒன்று. கீழே 10 மி.மீ. நகர, மேலே கை 40 மி.மீ. போக வேண்டும். இப்போது கீழ் முனையை 60 மி.மீ. ஆக நீட்டினால், மேலே 33 மி.மீ. போனால் போதும். வீச்சு, அதாவது கை போகும் தூரம், ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆனால் அதே வேலையைச் செய்யக் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் 20 சதவீதம் கூடிவிட்டது. வீச்சைக் குறைப்பதற்கு அழுத்தத்தில்தான் விலை கொடுக்கிறோம். எந்தக் கம்பெனியின் லீவரும் இதிலிருந்து தப்ப முடியாது.

வீச்சைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்னபடி குண்டுக்குக் கீழே இருக்கும் பகுதியை நீட்டுவது, அல்லது குண்டையே சற்று மேலே தூக்கி வைப்பது. இன்னொன்று, மேல் பகுதியைக் குட்டையாக்குவது. இரண்டாவது வழியில் கைப்பிடி கீழே இறங்கிவிடும், கை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். பல கிட்கள் இரண்டையும் கலந்து செய்கின்றன. "40 சதவீதம் குறைவு" என்று விளம்பரத்தில் கண்டால், அதில் எவ்வளவு குட்டையாக்கியதால் வந்தது என்று பாருங்கள். குட்டையாக்குவதற்குக் கிட் வாங்கவே தேவையில்லை, குட்டையான ஒரு கைப்பிடி போதும்.

இன்னொரு விஷயம், புதிதாக வருபவர்கள் அதிகம் கவனிக்காதது. கீழ் முனையை நீட்டும்போது முன்பின் வீச்சு மட்டும் குறைவதில்லை. லீவர் இடவலமாகப் போகும் தூரமும் சேர்ந்தே குறைகிறது. ஒன்று-இரண்டு, மூன்று-நான்கு, ஐந்து என்ற வரிசைகள் கைக்கு நெருங்கி வந்துவிடும். பழகும் வரை நான்குக்குப் போக வேண்டிய கை இரண்டுக்குப் போய்விட வாய்ப்புண்டு. அதிக வேகத்தில் ஐந்திலிருந்து இரண்டில் விழுந்தால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். எரிபொருளை நிறுத்தும் ரெவ் லிமிட்டரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வால்வு வளைந்து இன்ஜினே போகலாம்.

இரண்டாம் படி: உங்கள் காரில் எந்த அமைப்பு?

மூன்று வகைகள் உண்டு. எது என்று தெரியாமல் பாகம் தேடாதீர்கள்.

முதல் வகை, லீவர் நேராகக் கியர் பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருப்பது. 1989-இல் வந்த முதல் எம்எக்ஸ்-5 இப்படித்தான். நடுவில் கேபிளோ நீண்ட தண்டோ இல்லை. கியர் விழுவது உள்ளங்கையிலேயே தெரியும். ஹோண்டா எஸ்2000-உம் இந்த ரகம்தான்; அதன் வீச்சு கம்பெனியிலிருந்து வரும்போதே மிகக் குறைவு. எஸ்2000 வைத்திருப்பவர் ஷார்ட் ஷிஃப்டர் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

இரண்டாம் வகை, லீவர் சற்றுப் பின்னால் ஒரு தாங்கியில் நின்று, அங்கிருந்து தண்டு ஒன்று கியர் பாக்ஸுக்குப் போவது. பிஎம்டபிள்யூ இ36, இ46, இசட்3 எல்லாம் இது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஆகியவையும் தண்டு வகையே. இதில் மூட்டுகள் அதிகம், எனவே தேய்மானமும் அதிகம்.

மூன்றாம் வகை கேபிள். இன்ஜின் நடுவிலோ பின்னாலோ இருக்கும் பல கார்களில் லீவரிலிருந்து இரண்டு கேபிள்கள் போகும். ஒன்று இடவலத்துக்கு, ஒன்று முன்பின்னுக்கு. போர்ஷே பாக்ஸ்டர் 986, அதே காலத்து 911 ஆன 996, பின்னால் வந்த 987, 997 எல்லாம் இப்படி. கேபிள் வகையில் ஒரு வசதி உண்டு: முன்பின் வீச்சை மட்டும் குறைத்து, இடவலத்தை அப்படியே விட முடியும். பாக்ஸ்டர்காரர்கள் கிட் வாங்கும்போது அது எதைக் குறைக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஆட்டத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

லீவர் தூரம் போகிறது என்று தோன்றுவதில் பெரும்பங்கு உண்மையான வீச்சே அல்ல. தேய்ந்த மூட்டுகளின் ஆட்டம். இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய காரில் எந்த பிளாஸ்டிக் புஷ்ஷும் பிறந்த அளவில் இருக்காது. ஆட்டம் உள்ள இணைப்பின் மேல் ஷார்ட் ஷிஃப்டரைப் போட்டால், வீச்சு குறையும், ஆட்டம் அப்படியே நிற்கும். மொத்தத் தூரத்தில் ஆட்டத்தின் பங்கு முன்பைவிடப் பெரிதாகிவிடும். கியர் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது.

சோதிப்பது சுலபம். இன்ஜினை நிறுத்துங்கள். மூன்றாவது கியரில் போடுங்கள். இரண்டு விரலால் கைப்பிடியைப் பிடித்து, கியரிலிருந்து வெளியே இழுக்காமல், லேசாக இடவலமும் முன்பின்னும் அசைத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் சும்மா அசையும் தூரம்தான் ஆட்டம். நியூட்ரலில் போட்டு லீவரை வலப்பக்கம் தள்ளி விட்டால், அது தானாக மூன்று-நான்கு வரிசைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினாலோ நடுவழியில் நின்றுவிட்டாலோ, கோளாறு கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கிலோ பின்னிலோ இருக்கலாம். எந்த ஷிஃப்டரும் அதைச் சரி செய்யாது.

பிறகு காரின் கீழே போக வேண்டும். பிஎம்டபிள்யூ இ36-ஐ எடுத்துக்கொள்வோம். லீவரின் குண்டு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணம் அலுமினியத் தாங்கியில் மாட்டியிருக்கும். தாங்கியின் முன்முனை கியர் பாக்ஸில், பின்முனை ஒரு ரப்பர் புஷ் வழியாகக் காரின் உடலில். லீவரின் கீழ் முனையில் ஒரு தண்டு, அதன் இரு பக்கமும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் வாஷர், ஒரு கிளிப். தண்டின் மறுமுனை கியர் பாக்ஸிலிருந்து நீளும் சிறிய மூட்டில். இத்தனை இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தால் மேலே கைப்பிடியில் அது நாலு மடங்காகத் தெரியும். அந்த மஞ்சள் வாஷர்களும் கிளிப்களும் இந்தக் காரில் மிக மலிவான பாகங்கள். அவற்றை மட்டும் மாற்றிவிட்டு, இனி ஷார்ட் ஷிஃப்டரே வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. அது நல்ல முடிவு.

இன்ஜின் மவுண்ட், கியர் பாக்ஸ் மவுண்ட் இரண்டையும் விட்டுவிடக் கூடாது. லீவரின் தாங்கி பாதி கியர் பாக்ஸில், பாதி காரின் உடலில் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? மவுண்ட் செத்திருந்தால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு பக்கம் சாயும், அதோடு கியர் வரிசைகளும் நகரும். உங்கள் கை சரியான இடத்துக்குத்தான் போகும், ஆனால் அங்கே வேறு கியர் இருக்கும்.

எம்எக்ஸ்-5 இல் பார்க்க வேண்டியவை வேறு. லீவரின் அடிமுனையில் ஒரு சிறு நைலான் புஷ் இருக்கும், அது தேய்ந்தால் லீவர் சோற்றுக்குள் கரண்டி விட்டதுபோல் சுழலும். அதற்கு மேலே இரண்டு ரப்பர் பூட்கள், அதாவது லீவரைச் சுற்றி மூடும் உறைகள். கீழ் பூட் கிழிந்தால் கியர் பாக்ஸின் சூடும் இரைச்சலும் நேராக உள்ளே வரும். ஐந்து கியர் கொண்ட பெட்டி உள்ள பழைய எம்எக்ஸ்-5 களில் லீவர் நிற்கும் குழிக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. பூட் கிழிந்து அது வற்றிப்போயிருந்தால் லீவர் கரகரக்கும். புஷ், பூட், எண்ணெய் மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றிவிடலாம்.

பாக்ஸ்டரில் கேபிளின் முனைகளைப் பாருங்கள். லீவரின் குண்டுகளில் மாட்டும் முனைகள் பிளாஸ்டிக். தேய்ந்து தளர்ந்தால் ஆட்டம் தரும், சில சமயம் ஓடும்போதே கழன்றும் விடும்.

கியர் ஆயில் பற்றி ஒரு பத்தி போதும். என்ன எண்ணெய் என்பதைக் கார் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பிஎம்டபிள்யூவில் கியர் பாக்ஸின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில பெட்டிகள் ஆட்டோமேட்டிக் கார்களுக்கான ஏடிஎஃப் எண்ணெயையே கேட்கும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள்; ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், கியர்களின் வேகத்தைச் சமமாக்கும் பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களுக்கு அது ஆகாது. ஊற்றும் மூடியை முதலில் திறந்துவிட்டு அப்புறம் வடிக்கும் மூடியைத் திறங்கள். மேல் மூடி துருப்பிடித்து வராமல் போனால், வடித்த பெட்டியில் எப்படி எண்ணெய் நிரப்புவீர்கள்?

இத்தனையும் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். அப்போதும் வீச்சு அதிகம் என்று தோன்றினால், வாருங்கள், லீவர் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காம் படி: கம்பெனி பாகம் என்றால் எது?

எல்லாரும் "கம்பெனி ஷார்ட் ஷிஃப்டர்" என்று ஒரே பேரில் சொன்னாலும் அதில் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, கார் புதிதாக விற்ற காலத்தில் கம்பெனியே ஆப்ஷனாகக் கொடுத்தது. போர்ஷே 986, 996 காலத்திலேயே இப்படி ஒன்றை விற்றது. அந்தக் காரின் கேபிள், கன்சோல், லெதர் பூட் எல்லாவற்றோடும் பொருந்தும்படி செய்யப்பட்டதால் வெட்ட, தட்ட, ராவ வேண்டிய வேலை இல்லை.

இரண்டு, கம்பெனியின் சொந்த ஸ்போர்ட்ஸ் பிரிவு விற்பது. 2012-இல் வந்த டொயோட்டா 86-க்கு டிஆர்டி, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்டுக்கு எஸ்டிஐ. ஃபோர்டு மஸ்டாங்குக்கு ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ். ஷோரூமிலேயே பொருத்திக் கொடுப்பார்கள். வாரண்டி இன்னும் மிச்சமிருக்கும் புதுக் காருக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: அதே கம்பெனியின் வேறொரு காரின் லீவர். பிஎம்டபிள்யூ இ36 (3 சீரிஸ்) கார்களில் இசட்3 1.9-இன் லீவரைப் போடுவது உலகம் முழுக்கப் பழகிப்போன வழி. இசட்3, இ36-இன் உறுப்புகளை வைத்துக் கட்டிய ரோட்ஸ்டர். அதன் லீவரில் குண்டுக்குக் கீழே உள்ள பகுதி நீளம், அதனால் வீச்சு குறைவு. குண்டும் கிண்ணமும் கீழே உள்ள பின்னும் ஒன்றே என்பதால் நேராக உட்காரும். விலை, நல்ல வெளி கிட் ஒன்றின் விலையில் சிறு பங்குதான். போர்ஷேயிலும் இதே கதை. 986, 996 வைத்திருப்பவர்கள் பலர் அடுத்த தலைமுறையான 987, 997-இன் லீவர் அமைப்பை முழுதாக வாங்கிப் பொருத்துகிறார்கள்.

இவற்றில் எதை எடுத்தாலும் கம்பெனி லீவருக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அது அடக்கமானது. வீச்சைக் கொஞ்சமாகத்தான் குறைக்கும், ஆனால் இரைச்சலை உள்ளே விடாது. பிஎம்டபிள்யூ லீவரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் அது ஒரே கம்பி இல்லை என்பது தெரியும்: மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. கியர் பாக்ஸின் அதிர்வு அந்த ரப்பரிலேயே செத்துவிடும். குளிர் காலையில் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கை வலிக்காது. பத்து வருடம் கழித்தும் புஷ் கிடைக்கும், பாக எண் இருக்கும்.

ஐந்தாம் படி: வெளி கிட் என்ன தருகிறது, என்ன எடுக்கிறது?

நல்ல வெளி கிட்கள் கம்பெனி செய்யத் துணியாததைச் செய்யும். லீவரின் உயரத்தை மாற்றலாம், சிலவற்றில் வீச்சின் அளவையே இரண்டு மூன்று நிலைகளில் அமைக்கலாம். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பதில் பேரிங் இருக்கும். பந்தயத் தடத்தில் கையுறை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்த வேகத்தில் கியர் மாற்றுபவருக்கு, லீவர் உயர்ந்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நிற்பது பெரிய உதவி. கம்பெனி லீவர் எதுவும் அதைத் தராது. மஸ்டாங் போன்ற கார்களுக்கான சில கிட்களில் நிறுத்தத் திருகுகள் உண்டு. கியர் விழுந்த பிறகும் கை வேகத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் அந்தச் சுமையை வாங்கும். அந்தத் திருகு லீவரை அங்கேயே நிறுத்திவிடும். சரியாக அமைத்தால் உண்மையிலேயே பயனுள்ள அம்சம்.

விலை என்ன? முதலில் இரைச்சல். முழு ஸ்டீல் லீவர், அலுமினிய புஷ், ரப்பர் எங்குமே இல்லை என்றால், நெடுஞ்சாலையில் கியர் பாக்ஸின் ஊளை கைப்பிடி வழியாக ஏறி வரும். சில இன்ஜின் வேகங்களில் லீவரே ஈ போல ரீங்கரிக்கும். மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகுதான் அது எவ்வளவு தொல்லை என்று தெரியும். கடையில் நின்று அசைத்துப் பார்த்தால் தெரியாது.

அடுத்தது சிங்க்ரோனைசர். வேகம் வேறுபட்டுச் சுழலும் இரண்டு உறுப்புகளை, ஒரு கூம்பு வளையத்தின் உரசலால் சமவேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் கியரை உள்ளே விடும் அமைப்பு அது. அதற்கு ஒரு கணம் நேரம் வேண்டும். வீச்சு மிகக் குறைவான லீவரில் கை அந்தக் கணத்தைக் காத்திருக்காமல் பலமாகத் தள்ளத் தூண்டப்படும். இதைப் பழக்கமாக்கினால் வளையம் சீக்கிரம் தேயும், இரண்டாவது கியர் கரகரக்கத் தொடங்கும். கியர் பாக்ஸைப் பிரிக்கும் செலவு, நீங்கள் வாங்கிய எந்த கிட்டையும்விடப் பல மடங்கு.

மூன்றாவது, கீழே இடம். பிஎம்டபிள்யூவில் கீழ் முனையை ரொம்ப நீட்டினால், தண்டு கீழே இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கில் (இணைப்பில்) உரசும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் வளைந்த தண்டு ஒன்றையும் சேர்த்தே விற்கிறார்கள். லீவர் மட்டும் வரும் மலிவு கிட் என்றால் அந்த இடத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் பெயர் இல்லாமல் பளபளவென்று வரும் கிட்கள் பற்றி எனக்கு ஒரே கருத்து: வேண்டாம். குண்டின் அளவு கொஞ்சம் தவறினால் முதல் நாளிலிருந்தே ஆட்டம், அல்லது கிண்ணத்தில் இறுகி லீவர் நடுவுக்குத் திரும்பாது.

ஆறாம் படி: முடிவெடுப்பது

உங்களையே சில கேள்விகள் கேளுங்கள். வேலைக்குப் போக இந்தக் காரா? நெரிசலில் ஒரு மணி நேரம் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றுகிறீர்களா? அப்படியானால் கம்பெனி லீவர். குடும்பத்தில் இன்னொருவரும் இதே காரை ஓட்டுகிறாரா? அப்போதும் கம்பெனி லீவர்தான். நெருங்கி நிற்கும் வரிசைகளுக்கு அவர் கை பழகியிருக்காது. காரை இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் மாற்றம் செய்யாத காரையே அதிகம் தேடுகிறார்கள், எனவே லீவரையே மாற்றாமல் புஷ்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தடத்துக்கு அடிக்கடி போகிறீர்கள், இரைச்சல் பொருட்டில்லை, லீவர் எந்த உயரத்தில் வேண்டும் என்று சொல்லத் தெரிகிறது என்றால் வெளி கிட் வாங்குங்கள், நல்லதாகவே வாங்குங்கள். பாக்ஸ்டரில் லீவரோடு கேபிளையும் தரமானதாக மாற்றும்போதுதான் முழுப் பலன் தெரியும்.

முடிந்தால் அதே கிட் போட்ட அதே மாடல் கார் ஒன்றைத் தேடி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓட்டிப் பார்ப்பது நல்லது. சூடான கியர் பாக்ஸில் எந்த ஷிஃப்டரும் நன்றாகத்தான் இருக்கும்.

வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் 1975-இன் மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் போட்டதை மட்டுமே காரணம் காட்டி முழு வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்ட வேண்டும். ஆனால் ஷிஃப்டர் மாற்றிய காரில் சிங்க்ரோனைசர் போனால் அந்த வாதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பிரிட்டனில் இருப்பவர்கள் எந்த மாற்றத்தையும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் படி: பொருத்துவது

எம்எக்ஸ்-5 இல் எல்லாம் மேலிருந்தே முடிந்துவிடும். கன்சோலைக் கழற்றி, இரண்டு பூட்களையும் எடுத்து, லீவரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டைக் கழற்றினால் லீவர் கையோடு வரும். திறந்த குழிக்குள் ஒரு வாஷர்கூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸ்டரிலும் வேலை பெரும்பாலும் காருக்குள்தான். கன்சோலைப் பிரிப்பதற்கே பாதி நேரம் போகும். கழற்றும் முன் கேபிள்கள் இருந்த நிலையைப் போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு அட்ஜஸ்ட் செய்ய அது உதவும்.

இ36-க்குக் கீழே படுக்க வேண்டும். காரை நான்கு ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். எக்ஸாஸ்ட் முழுதும் ஆறியிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில்.

மேலே, கைப்பிடியை நேராக மேல்நோக்கி இழுத்தால் வரும். பலமாக இழுக்க வேண்டியிருக்கும், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். லெதர் பூட், பஞ்சு, அதற்குக் கீழே ரப்பர் பூட் என்று வரிசையாக எடுங்கள்.

கீழே, எக்ஸாஸ்ட்டின் சூட்டைத் தடுக்கும் வெப்பத் தகட்டைக் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் வழிமறித்தால் அதை இறக்க வேண்டும். கியர் பாக்ஸின் அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, குறுக்குத் தாங்கியைக் கழற்றிக் கொஞ்சமாக இறக்கினால் கை உள்ளே போகும். தண்டின் கிளிப்பை எடுத்து, லீவரின் பின்னிலிருந்து தண்டை விலக்குங்கள். இப்போது குண்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையம். கீழிருந்து பார்த்தால் அதில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அதற்கென்று உள்ள டூலாலோ இரண்டு சிறு ஸ்க்ரூ டிரைவராலோ கால் சுற்று திருப்பினால் கொக்கிகள் விடுபடும், லீவர் மேல் வழியாக வெளியே வரும்.

கியர் பாக்ஸிலிருந்து தண்டு வெளிவரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. எண்ணெய் கசிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், இன்னொரு முறை இத்தனையையும் பிரிக்க மனம் வராது. புதுக் கிண்ணத்தில் கிரீஸ் தடவி, புது லீவரை அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் வராமல் விடாதீர்கள். வாஷர், கிளிப், புஷ் எல்லாமே புதியது. பழையதைத் துடைத்துப் போடுவதில் மிச்சமாவது சில காசுகள்.

எக்ஸாஸ்ட்டையும் வெப்பத் தகட்டையும் மாட்டும் முன்பே சோதனை செய்துவிட வேண்டும். ஒவ்வொரு கியராகப் போட்டு, ரிவர்ஸ் உட்பட, லீவர் எங்கேயாவது கன்சோலிலோ உலோக விளிம்பிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். கியர் முழுதாக விழும் முன் லீவர் முட்டி நின்றால், ஓடும்போது கியர் கழன்றுவிடும். நியூட்ரலில் போட்டு டிரைவ் ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், தண்டு கப்ளிங்கில் உரசக் கூடாது. அதையே ஒருவர் உள்ளே லீவரைக் கடைசி வரை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இடைவெளி நன்றாகத் தெரியும்.

உள்ளே இருக்கும் ரப்பர் பூட்டை ஒழுங்காக உட்கார வையுங்கள். ஷார்ட் ஷிஃப்டர் போட்டபிறகு இரைச்சல் கூடிவிட்டது என்று வரும் புகார்களில் நிறைய, அந்தப் பூட்டின் ஒரு ஓரம் மடங்கிக் கிடப்பதால் வருபவை.

முதல் சில நாட்கள்

வேகமாக மாற்றாதீர்கள். காலியான சாலையில், மெதுவான வேகத்தில், மேலேயும் கீழேயும் எல்லாக் கியரையும் போட்டுப் பழகுங்கள். கீழிறங்கும்போது லீவரை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது லீவரை இடப்பக்கம் இழுக்கவே வேண்டாம். நியூட்ரலில் விட்டால் ஸ்பிரிங்கே அதை மூன்று-நான்கு வரிசைக்குக் கொண்டுவந்துவிடும், அங்கிருந்து நேராகப் பின்னால் இழுத்தால் போதும். அழுத்தம் அதிகமாகத் தோன்றினால் கனமான கைப்பிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதன் எடையே லீவரைக் கொஞ்சம் தள்ளிக்கொடுக்கும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை கீழே போய் கிளிப்கள் இடத்தில் இருக்கின்றனவா, குறுக்குத் தாங்கியின் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய லீவரை எண்ணெய் துடைத்து, ஒரு பையில் போட்டு, எந்தக் காருடையது என்று எழுதி வையுங்கள். விற்கும் நாளில் அடுத்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.